பஞ்சில் பிடித்த பச்சை

1. கை கழுவாத பிள்ளைகள்

ஈரம்மாவின் விரலைத் துடைத்த பஞ்சு பச்சையாக வந்தது. நான் அவளைத் திட்டினேன். என் சர்வீசில் நான் செய்த தப்புகளைப் பட்டியல் போட்டால் முதல் இடம் அந்தத் திட்டுக்குத்தான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. தர்மபுரி தனி ஜில்லாவாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இன்று ஓசூரில் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் இடமெல்லாம் அன்று ராகிக் கொல்லை. நான் மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் சர்வைலன்ஸ் ஒர்க்கர். பெயர் சூசைராஜ். வயது இருபத்துநான்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளக்காரன். எனக்குக் கிடைத்த செக்‌ஷன் தளிக்கு மேற்கே, மைசூர் எல்லையை ஒட்டிய மலைக் குடியிருப்புகள். அதில் எந்தக் குடியிருப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்று பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் வேலை தெரியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். யாருக்காவது காய்ச்சல் உண்டா, போன தடவைக்குப் பிறகு வந்ததா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் இடது கை மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ரத்தம் எடுக்க வேண்டும். வயதுக்குத் தகுந்தபடி குளோரோக்வின் மாத்திரையை நம் கண்முன்னால் விழுங்க வைக்க வேண்டும். பிறகு வாசல் சுவரில் ஸ்டென்சிலில் அடித்த கட்டத்துக்குள் வந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வந்து சுவரைப் பார்ப்பார். தேதி இல்லை என்றால் நீ போகவில்லை என்று அர்த்தம்.

இதோடு டார்கெட் ஒன்று உண்டு. மாதத்துக்கு இத்தனை ஸ்லைடு வர வேண்டும். காய்ச்சலே இல்லாத ஊரில் ஸ்லைடுக்கு எங்கே போவது? நாங்கள் எல்லோரும் இந்தத் தலைவலியில்தான் இருந்தோம். ஆனால் அந்தக் குடியிருப்பு மட்டும் எனக்கு வரப்பிரசாதமாக இருந்தது. நான் போகும் நாளில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வயது வரை ஒரு இருபது பிள்ளைகள் வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருப்பார்கள். கண் சிவந்திருக்கும். முகம் வாடியிருக்கும். "காய்ச்சலா?" என்றால் தலையாட்டுவார்கள். "இல்லையா?" என்றாலும் தலையாட்டுவார்கள். கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள். ஊசி குத்தினால் முகம் சுளிக்கக்கூட மாட்டார்கள். ஒரே காலையில் இருபது ஸ்லைடு எடுத்துவிடுவேன். எல்லாம் நெகட்டிவ் என்று லேபிலிருந்து திரும்பி வரும். எனக்கென்ன, டார்கெட் நிரம்பியது. நான் கேள்வி கேட்கவில்லை.

ஒரே ஒரு எரிச்சல்தான். அந்தப் பிள்ளைகளின் விரலை ஸ்பிரிட்டால் துடைத்தால் பஞ்சு பச்சையும் கறுப்புமாகப் பிசின் பிடித்து வரும். ஒரு விரலுக்கு மூன்று பஞ்சு வேண்டும். தண்ணீரில் கழுவச் சொன்னால் போகாது. ஸ்பிரிட் பட்டால்தான் கரையும். ஏதோ காட்டுச் செடியின் பால் என்று நினைத்துக்கொண்டேன். லிங்கம்மா என்பவரின் மகள் ஈரம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. அவள் கைதான் எல்லாவற்றிலும் மோசம்.

"பொம்பளைப் பிள்ளைக்குக் கை கழுவக்கூடத் தெரியாதா? இந்தக் கையாலதான் களி திங்கறியா?" என்றேன்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மா உள்ளே திரும்பிக்கொண்டார். இப்படி ஒன்பது மாதம் போயிற்று.

2. கண்டக்டர் மூக்கு

பயன்படுத்திய பஞ்சை வழியில் போடக்கூடாது என்பது ரூல். நான் ரூலை மதிக்கிறவன். மூடி போட்ட பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து தளியில் கொளுத்துவேன். ஒரு தடவை அந்தக் குடியிருப்புப் பஞ்சைக் கொளுத்த மறந்து, ஒரு வாரம் கழித்து அதே டின்னோடு ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மீட்டிங் இருந்தது. கூட்டத்தில் டின் மூடி கழன்றுகொண்டது.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என் பக்கத்தில் நின்று இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். குனிந்து காதோடு சொன்னார்: "என்னாங்க சார், கவர்மெண்டு ஆளு நீங்களே சரக்கு கொண்டாந்தா நாங்க எங்க போய் சொல்றது?"

எனக்குப் புரியவில்லை. அவர் டின்னிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து முகர்ந்து, "கஞ்சாப் பாலு சார் இது. பூவைக் கையில கசக்கிக் கசக்கி ஏறுனது. இந்த ரூட்டுல பதினோரு வருசமா ஓடறேன், எனக்குத் தெரியாதா" என்றார். மத்திகிரி வருவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். காட்டு ஓரமாக, ராகிக்கும் ஆமணக்குக்கும் நடுவில் போடுகிறார்கள். பிள்ளைகளைத்தான் வேலைக்கு வைப்பார்கள். பெரியவர்கள் பிடிபட்டால் கேஸ். பிள்ளைகள் பிடிபட்டால் இரண்டு அறை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம் அது. ஊர் ஊராக, வீடு வீடாகப் போகிற எனக்குத்தான் தெரியவில்லை.

ஓசூர் மீட்டிங்கில் என் காதில் எதுவும் ஏறவில்லை. மாதம் இரண்டு தடவை அந்தக் கைகளைப் பிடித்தவன் நான். பள்ளிக்கூட வாத்தியார் பிடிக்கவில்லை, போலீஸ் பிடிக்கவில்லை. என் கையில் வந்ததைப் பார்த்து அழுக்கு என்று திட்டினேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் வரதனிடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை. ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருடம் பாக்கி, அவ்வளவுதான்.

"ஏம்பா சூசை, நீ மலேரியா டிபார்ட்மெண்டா, மதுவிலக்கு டிபார்ட்மெண்டா? ஸ்லைடு நெகட்டிவ்னா உன் வேலை முடிஞ்சுது. பஞ்சு என்ன கலர்ல இருந்தா உனக்கென்ன?" என்றார்.

3. என் நாள் இல்லாத நாள்

மறுநாள் காலை அந்தக் குடியிருப்புக்குப் போனேன். என் முறைப்படி அங்கே போக இன்னும் ஆறு நாள் இருந்தது. கார்த்திகை மாதம். வெயில் ஏறியும் பனி விலகவில்லை. ஊரில் கிழவர்களும் கைக்குழந்தைகளும் ஆடுகளும் மட்டும் இருந்தார்கள். அந்த இருபது பிள்ளைகளில் ஒருவரையும் காணோம்.

லிங்கம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். அந்த ஊரில் வீட்டுக்குள் கன்னடம், சந்தையில் தமிழ். என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார்கள். அன்று அவருக்கு இரண்டும் கலந்து வந்தது. ஈரம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறாள். நாலு நாளாகக் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போடுகிறது. அங்கே வேலை வாங்கும் மேஸ்திரி அவளை வீட்டுக்கு விடவில்லை. பூ முற்றிவிட்டது, ஆள் வேண்டும் என்கிறான்.

"நாலு நாளாச்சேம்மா. தளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்க நாளு வரட்டும்னு இருந்தேன் சார். உங்க நாளுக்குத்தான் அவன் பசங்களை ஊட்டுக்கு உடுவான். நீங்கதான் செவுத்துல எழுதி வெக்கிறீங்களே. அதைப் பாத்து நாளு எண்ணிக்குவான்."

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். கட்டத்துக்குள் வரிசையாக என் தேதிகள், என் கையெழுத்து. பதினைந்து நாளுக்கு ஒன்று, பிசகாமல். இன்ஸ்பெக்டர் போன மாதம்தான் அந்தச் சுவரைப் பார்த்து என்னைப் பாராட்டியிருந்தார். மேஸ்திரிக்குக் காலண்டர் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஊருக்கு வெளியாள் வருகிற நாளில் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும், மறுநாள் விடிந்தால் தோட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் என் சுவர்தான் கணக்கு.

லிங்கம்மா முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். ஓடையைத் தாண்டி, வெளியே ராகி, உள்ளே ஆமணக்கு, அதற்கும் உள்ளே ஆள் உயரத்துக்கு அந்தச் செடி. வாசனை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. தழை போட்ட இரண்டு கொட்டகைகள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பூவிலிருந்து இலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. அந்த வயதில் அத்தனை பிள்ளைகள் ஒரு இடத்தில் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒரு சட்டியில் வெல்லத்தோடு இலையை அரைத்து உருட்டிய உருண்டைகள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பசிக்காது, குளிராது, வீட்டு நினைப்பு வராது. எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கிருந்தோ வந்த கூலியாட்கள் நாலு பேர் அந்தக் கொட்டகையிலேயே பிள்ளைகளோடு படுத்திருந்தார்கள். காய்ச்சல் அவர்களோடு வந்திருக்க வேண்டும்.

மேஸ்திரி கெம்பண்ணா எழுந்து வந்தான். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு.

"வாங்க மலேரியா சார். இன்னிக்கு உங்க நாளு இல்லையே."

"காய்ச்சலுக்கு நாள் கிடையாது மேஸ்திரி. அந்தப் பெண் எங்கே?"

ஈரம்மா உள்கொட்டகையில் கோணியின்மேல் கிடந்தாள். அனலாகக் கொதித்தாள். உதடு வெடித்திருந்தது. காய்ச்சலுக்கு மருந்து என்று சொல்லி இரண்டு நாளாக உருண்டையை இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அவள் முனகவும் இல்லை, தண்ணீர் கேட்கவும் இல்லை. சத்தம் இல்லாததால் குணமாகி வருகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அவள் விரலைத் துடைத்தேன். நாலு பஞ்சு பச்சையாக வந்தது. ஐந்தாவதில்தான் தோல் தெரிந்தது. ஊசி குத்தினேன். விரல் அசையவில்லை.

"தூக்குறேன். வழி விடு" என்றேன்.

கெம்பண்ணா யோசித்தான். கொட்டகையில் பிணம் விழுந்தால் அவனுக்கு வம்பு. விலகி நின்று, "ஒரு பொண்ணுதானே, எடுத்துட்டுப் போங்க. மத்ததைப் பாக்காத மாதிரி போனா உங்களுக்கும் நல்லது" என்றான். நானும் லிங்கம்மாவும் கம்பளியில் கட்டித் தூக்கி ரோடு வரை வந்தோம். அங்கிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றில் தளி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

4. படுத்துத் தூங்கிய இடம்

அவசரம் என்று டாக்டரே ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஸ்லைடு பாசிட்டிவ். அந்த வருடத்தில் எங்கள் யூனிட்டில் அதுதான் முதல் பாசிட்டிவ். டாக்டர் அவளுக்கு குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "மலேரியா மட்டும்னா நேத்தே கத்தியிருப்பா, யாராவது தூக்கிட்டு வந்திருப்பாங்க. அந்த உருண்டை அவ வாயைக் கட்டிடுச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா போயிருப்பா."

பாசிட்டிவ் கேஸ் ஒன்று வந்துவிட்டால் எங்கள் டிபார்ட்மெண்டே எழுந்து உட்காரும். விசாரணைப் படிவம் மூன்று காப்பி போக வேண்டும். தளியில் ஒன்று, தர்மபுரிக்கு ஒன்று, மெட்ராசுக்கு ஒன்று. அதில் ஒரு கேள்வி: நோயாளி கடந்த இரண்டு வாரம் படுத்துத் தூங்கிய இடம். அந்த இடத்தில் தூங்கிய எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு டிடிடி கொசு மருந்து அடிக்க வேண்டும். அதனால் முகவரி துல்லியமாக இருக்க வேண்டும்.

நான் எழுதினேன்: "ஓடைக்கு மேற்கே கஞ்சாத் தோட்டத்துக் கொட்டகை. வேலைக்கு வைத்தவர் மேஸ்திரி கெம்பண்ணா."

வரதன் படிவத்தைப் பார்த்ததும் வியர்த்துவிட்டார். தோட்டம் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் பிற்பாடு தெரிந்தது. கெம்பண்ணா வெறும் கங்காணிதான்.

"ராகிக் காட்டுக் கொட்டகைன்னு எழுது. பொய் இல்லையே, ராகியும் இருக்குதுல்ல?"

"ராகிக் காடு இந்தத் தாலுகா பூரா இருக்குது சார். டிடிடி அடிக்க வர்றவன் எந்த ராகிக் காட்டைத் தேடுவான்?"

"நான் சொல்றதைக் கேளு. இது மேலே போனா மொதல்ல யாரைப் பிடிப்பாங்க? கெம்பண்ணாவையா? அந்தப் பசங்களையும் அவங்க அம்மாக்களையும்தான் பிடிப்பாங்க. நீ நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டு ஊரையே ஸ்டேஷனுக்கு அனுப்பப் போறே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் அந்த நியாயத்தை வைத்துத்தான் கெம்பண்ணா இத்தனை வருடம் பிழைத்திருந்தான். பிள்ளைகளுக்குக் கெடுதல் வரும் என்று சொல்லி எல்லோரும் பிள்ளைகளை அவனிடமே விட்டுவைத்திருந்தார்கள். காலையில் தளிக் காப்பியை ஆபீசில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் நானே தபாலில் சேர்த்தேன். இடம், மேஸ்திரி பெயர், நோயாளி ஈரம்மா பெயர். அவ்வளவுதான் அதில் இருந்தது. மற்றப் பிள்ளைகளின் பட்டியலை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

5. நான் போட்ட ரூல்

ஸ்லைடு பெட்டியோடு மறுபடி தோட்டத்துக்குப் போனேன். இந்தத் தடவை டிடிடி அடிக்கும் ஆட்கள் ஆறு பேர் பம்ப்போடு கூட வந்தார்கள். கூலியாட்கள் நாலு பேரும் முதல் நாளே எல்லை தாண்டி நழுவியிருந்தார்கள். பத்தொன்பது பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்தேன். பிறகு கெம்பண்ணா முன்னால் சத்தமாகச் சொன்னேன்: "பாசிட்டிவ் கேஸோட படுத்தவங்க எல்லாரும் சொந்த வீட்டுலதான் இருக்கணும். ரிசல்ட் வந்து மாத்திரை முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தினமும் நானே வந்து எண்ணுவேன். ஒரு தலை குறைஞ்சாலும் கலெக்டருக்கு ரிப்போர்ட்."

அப்படி ஒரு ரூல் கிடையாது. நான்தான் போட்டேன். ஆனால் காக்கிச் சட்டையும் பம்ப்பும் டிடிடி நாற்றமும் சேர்ந்து அதை ரூலாக்கிவிட்டன. பிள்ளைகளை அன்றே ஊருக்கு நடத்திக் கூட்டிவந்தேன். ஸ்லைடு பஸ்ஸில் போய், லேபில் பார்த்து, திரும்பி வர ஆறு நாள். அதில் மூன்று பேர் பாசிட்டிவ். அவர்களுக்கு ஐந்து நாள் மாத்திரை. ஆக மொத்தம் பதினோரு நாள் தினமும் அந்த ஊருக்கு நடந்தேன்.

அந்தப் பதினோரு நாளில் பார்த்ததை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் வெறுமனே கிடந்தார்கள். மூன்றாம் நாள் ரகளை ஆரம்பித்தது. கை நடுங்கியது, சோறு வைத்தால் குமட்டியது, தூக்கம் பிடிக்கவில்லை. சட்டியைத் தூக்கி அம்மா மேல் எறிந்தான் ஒருவன். உருண்டை கேட்டு அழுதார்கள். என்னைப் பார்த்தாலே கல்லெடுத்தார்கள். நாலாம் வகுப்புவரை படித்த ஒரு பையனுக்கு இருபதுக்கு மேல் எண்ண வரவில்லை. முன்பு நன்றாக எண்ணுவான் என்று அவன் அப்பா என்னிடம் சத்தியம் செய்தார். ஒரு பெண் பகலெல்லாம் கதவைச் சாத்தச் சொன்னாள், யாரோ வருகிறார்கள் என்று. இதை இளமைக் குறும்பு, பழக்கதோஷம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. வளர்கிற பிள்ளையின் மூளையில் என்ன நடக்கிறது என்று விளக்க எனக்குப் படிப்பு இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாக்களே என்மேல் திரும்பினார்கள். "பசங்க அடங்க மாட்டேங்குது சார். துளியூண்டு குடுத்தா தூங்கிரும். நீங்கதானே இதுக்கெல்லாம் காரணம்" என்றார் ஒருவர். நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் மாதேசன் என்ற பதினைந்து வயதுப் பையன் உருண்டையைத் தேடித் தோட்டத்துக்கே ஓடிவிட்டான். கெம்பண்ணா அவனை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டான். பல வருடம் கழித்து தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பதினெட்டுப் பேரை வீட்டில் வைத்தேன் என்று நான் என்றும் பெருமை பேசியதில்லை. பத்தொன்பதாவது ஆளை நினைத்தால் வாய் அடைத்துவிடும்.

அந்தப் பதினோரு நாளில் தோட்டத்தில் பூ முற்றி, காய்ந்து, விதை கொட்டிவிட்டது. கிள்ள ஆளில்லை. ஆறாம் நாள் ஓடைக் கரையில் இரண்டு பேர் என்னை மறித்து ஸ்லைடு பெட்டியைப் பாறையில் அடித்தார்கள். அறுபது கண்ணாடி உடைந்தது. எனக்கு வலது காதில் ஒரு அறை. இன்றும் அந்தக் காது மந்தம்தான். மறுநாள் புதுப் பெட்டியோடு போனேன்.

படிவம் போன வேகத்தில் மதுவிலக்கு போலீசும் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் தளி ஆஸ்பத்திரிக்கே வந்து என் பையைச் சுட்டிக் காட்டினார். "அந்தப் பசங்க லிஸ்டைக் குடு. ஆளுக்கு ஒரு கேஸ் போட்டாத்தான் மேலே உள்ளவன் பேரு வரும்."

"இது ரத்தம் எடுத்த லிஸ்டு சார். இதில் இருக்கறவங்க நோயாளிங்க. கேஸ் போடற பேரு படிவத்துல எழுதியிருக்கேன், கெம்பண்ணா. அவனைப் பிடிங்க."

டாக்டர் நடுவில் வந்து, நோயாளி பட்டியல் ஆஸ்பத்திரிச் சொத்து, எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னார். எழுத்தில் யாரும் கேட்கவில்லை. கெம்பண்ணாவை ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்கள். மிச்சச் செடிகளைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அவன் முதலாளியின் பெயரைக் கடைசிவரை யாரும் எங்கும் எழுதவில்லை. அந்த ஆள் பிற்பாடு பள்ளிக்கூட விழாக்களில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

6. மெமோ

எனக்கு மெமோ வந்தது. இல்லாத விதியைச் சொல்லிப் பொதுமக்களைப் பதினோரு நாள் மிரட்டியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் வரதன். நான் இரண்டு வரிதான் எழுதினேன்: "சொன்னது உண்மை. இதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் சொல்வேன்." இன்கிரிமெண்ட் கட். ஊத்தங்கரைக்கு டிரான்ஸ்பர்.

கிளம்புவதற்கு முன் கடைசித் தடவையாக அந்த ஊருக்குப் போனேன். ஈரம்மா தேறியிருந்தாள். முடி கொட்டி, கன்னம் ஒட்டி இருந்தாள். ஆனால் கண் வெள்ளையாக இருந்தது. நான் சுவரில் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது கெம்பண்ணா வந்தான். அதே வெள்ளை வேட்டி. அடுத்த வருடம் வேறு இடத்தில் போடுகிறார்களாம், பெண் நன்றாக வேலை செய்வாள், அனுப்பு என்று லிங்கம்மாவிடம் என் எதிரிலேயே கேட்டான். நான் போகிறவன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஈரம்மா எழுந்து வந்தாள். அவனிடம் போகவில்லை, என்னிடம் வந்து இடது கையை நீட்டினாள்.

"சார், பஞ்சு எடுங்க."

காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றாள். துடைக்க மட்டும் சொன்னாள். ஸ்பிரிட்டில் நனைத்து மோதிர விரலைத் துடைத்தேன். பிறகு ஐந்து விரலையும், உள்ளங்கையையும் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். பஞ்சை என் கையிலிருந்து வாங்கி கெம்பண்ணாவிடம் நீட்டினாள்.

"பாத்துக்கோ மேஸ்திரி. வெள்ளையா இருக்குது. இனிமே இந்தக் கை இப்பிடியேதான் இருக்கும். பேடா, வேணாம், நான் வரமாட்டேன். என் தங்கச்சியும் வரமாட்டா."

அவன் பஞ்சை வாங்கவில்லை. பக்கத்து வீட்டு வாசல்களில் மற்றப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். அவன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். என் சர்வீசில் எனக்குக் கிடைத்த ஒரே மெடல் அந்தப் பஞ்சுதான். ரூலை மீறி அதைக் கொளுத்தாமல் வைத்துக்கொண்டேன்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் டார்கெட் சுலபமாக நிரம்புகிற ஊரை முதலில் சந்தேகப்படுங்கள். கையில் அழுக்கைப் பார்த்தால் திட்டுவதற்கு முன்னால் அது என்ன அழுக்கு என்று கேளுங்கள். நான் ஒன்பது மாதம் கழித்து, அதுவும் ஒரு கண்டக்டரின் மூக்கால்தான் கேட்டேன்.

ஊத்தங்கரையில் சேர்ந்த பிறகும் போன வீட்டுச் சுவரில் எல்லாம் வந்த தேதியை ஒழுங்காக எழுதினேன். ஆனால் அடுத்த தடவை என் முறை நாளுக்கு எந்த ஊருக்கும் போகவில்லை. ஒரு தடவை பத்தாம் நாள், ஒரு தடவை பதினான்காம் நாள், ஒரு தடவை போன மறுநாளே போய் நின்றேன். சுவரைப் பார்த்து யாரும் என் நாளை எண்ண முடியாதபடி பார்த்துக்கொண்டேன். நிர்ணயித்த நாளில் பணிக்குச் செல்லவில்லை என்று அதற்கும் ஒரு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாளும் என் நாள் இல்லாத ஊருக்குத்தான் போனேன்.